பயர் ஆபீசுக்குப் போன ஊர்க் குழு

எங்கள் மக்காச்சோளக் காட்டுக்குள் பெண்கள் ஓடிவந்து ஒளிவது எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகும் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. எங்கள் ஊரில் அதைப் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மாதத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ, செக்கிங் வண்டி கிளம்பிவிட்டது என்று அந்த ஆபீசுக்கு எங்கிருந்தோ போன் வரும். அடுத்த நிமிடம் வேலிச் சந்து வழியாகப் பெண்கள் பையும் தூக்குச்சட்டியுமாக ஓடிவருவார்கள். கதிர் பிடித்து நிற்கிற பயிரை ஒடித்துக்கொண்டு வரப்போரமாகக் குந்திக்கொள்வார்கள். நான் களையெடுப்புக்கு ஆள் கிடைக்காமல் நாயாய் அலைந்துகொண்டிருப்பேன். என் காட்டுக்குள்ளேயே இத்தனை பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கோபம் வராதா?

ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. சீசன் சூடுபிடித்தால் எட்டுப் பேரை உட்கார வைப்பார்கள். அதிலும் இடம் காணாவிட்டால் வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்து வேலை நடக்கும். ஆபீசர் வரும்போது ரூமுக்கு நாலு பேர் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பார்கள். மீதிப் பேர் என் காட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு மிச்ச ஆள் என்று பேர். மிச்ச ஆளுக்குக் கம்பெனியில் பேர் கிடையாது, பி.எப். கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆபீசர் வண்டி கிளம்பியதும் போர்மேன் விசில் அடிப்பார். எல்லோரும் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் போய் நின்று கத்தினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க்கா இப்படிக் கத்துதீக, ஒடிஞ்ச கதுருக்கு வேணும்னா தீவாளிக்கு நாலு சங்குசக்கரம் கொண்டாந்து தாரேன்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. பைக்குள் கையை விட்டு ஒரு ஸ்ப்ரேயை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சினாள். இளைப்பு நோய்க்காரி.

அன்றிலிருந்து நான் அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஊர்தான், கீழத்தெரு. புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு பெண் பிள்ளைகள். மாமியார் முட்டி வலியோடு வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். சில நாள் வேலை முடிந்து கம்பெனி வேனில் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலுக்கு வருவாள். மோர் கேட்பாள், குடித்துவிட்டு உப்புப் பத்தவில்லை என்பாள். அவள் பேச்சைக் கேட்பதற்காகவே நான் மோர் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் இருக்கிற ரூமில் கதவோரமாக ஒரு இடம். எட்டுப் பேர் அடைந்து கிடக்கிற ரூமில் வெடிமருந்துத் தூசி பறக்கும், அவளால் மூச்சு விட முடியாது. மரத்தடியில் உட்கார்ந்தால் காற்று வரும், ஆனால் மரத்தடியில் இருக்கிறவள் மிச்ச ஆள். செக்கிங் வந்தால் ஓட வேண்டும், ஓடினால் இளைக்கும். செல், ஊக்கு, தீப்பெட்டி எதுவும் வேலை நடக்கிற இடத்துக்குள் போகக் கூடாது என்பதால் எல்லோருடைய பையும் வேப்ப மரத்து ஆணியில் தொங்கும். ஓடுகிற ஓட்டத்தில் பையை எடுக்க மறந்துவிட்டால் ஸ்ப்ரேயும் போச்சு. இரண்டு தடவை அப்படி மறந்து, என் வரப்பில் குப்புற விழுந்து கிடந்து எழுந்திருக்கிறாள். வேறு வேலைக்குப் போயேன் என்று நான் சொன்னேன். நூறு நாள் வேலையில் வெயில் தாங்கவில்லை, அச்சாபீசில் கேட்டால் படித்த பிள்ளையாகப் பார்க்கிறார்கள் என்றாள்.

கிராம சபைக்குப் போகிற பழக்கம் எனக்கு உண்டு. என் வீட்டுக்காரர் அதைக் கேலி பண்ணுவார், ஓசி வடைக்குப் போறியா என்பார். உண்மையில் எங்கள் ஊர்க் கிராம சபை வடைக்கும் டீக்கும்தான் நடந்துகொண்டிருந்தது. பஞ்சாயத்து கிளார்க்கு ஒரே மூச்சில் வரவு செலவை வாசிப்பார். பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வடையை முந்தியில் முடிந்துகொண்டு கிளம்புவார்கள். ஆண்கள் சாமியானாவுக்கு வெளியே பைக் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அப்போது தலைவரின் காலம் முடிந்திருந்தது, தேர்தலும் வந்தபாடில்லை. தனி அலுவலர் என்று ஒருவர் பொறுப்பில் இருந்தார். நாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் என்று சொல்லிக்கொள்ள ஊரில் ஒருவர்கூட இல்லாத காலம் அது.

அந்த மே தினக் கூட்டத்துக்கு வாயாடியை வரச் சொன்னது நான்தான். ஆபீஸ் லீவு. வந்தவள் தனியாக வரவில்லை, கூட வேலை பார்க்கிற ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தாள். குடிதண்ணீர்ப் பேச்சு முடிந்ததும், வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அலுவலர் வழக்கம்போல் கேட்டார். அப்படிக் கேட்டுக்கொண்டே பைலை மூடுவதுதான் அவருடைய வழக்கம். அவள் எழுந்து நின்றாள். குரல் மைக் இல்லாமலே பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஆபீசர்மாரு வந்தா நாங்க ஓட வேண்டியிருக்கு. ஊர்க்காரக வந்தா எதுக்கு ஓடப் போறோம்? ஊருல மூணு பேர நீங்களே போடுங்க. மாசம் ஒருக்கா வந்து பாக்கட்டும். ரூமுக்கு எம்புட்டுப் பேரு இருக்கோம்னு நாங்களே சொல்லுதோம்."

அலுவலர் திகைத்துப்போனார். இது நம் அதிகாரத்தில் வராது, தொழிற்சாலைகளைப் பார்க்கத் தனி இலாகா இருக்கிறது என்றார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, எழுந்துவிட்டேன். தெரு விளக்குக்கு எந்தக் கலர் பல்பு போடுவது என்று முடிவு பண்ண எங்களைக் கூப்பிடுகிறீர்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் எந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்லையா என்று கேட்டேன். பைக் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி உள்ளே வந்தார்கள். கிளார்க்கு அலுவலரின் காதில் ஏதோ சொன்னார். கடைசியில், கம்பெனி சம்மதித்தால் ஊர் சார்பில் மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சபையில் சொல்லலாம், அப்படி ஒரு தீர்மானம் போடலாம் என்றார்.

கம்பெனி மேனேஜர் அங்கேயே இருந்தார். கூட்டம் நடக்கிற நாளில் தண்ணீர் பாட்டில் சப்ளை பண்ணுவது அவர்கள் வழக்கம். எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். நம்ம ஊர், நம்ம ஜனம், எப்ப வேணும்னாலும் தாராளமா வாங்க என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். நான் எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். ஊர் ஒரு விஷயத்தைக் கேட்டு, யோசித்து, கையைத் தூக்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மகளிர் குழுத் தலைவி, ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர், நான் என்று மூன்று பேரைப் போட்டார்கள். அன்று சாயங்காலம் வாயாடி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு சொம்பு மோர் குடித்தாள். இனி இந்த ஊருக்கு அவள்தான் மந்திரியாம், நான் அவளுக்கு பி.ஏ.வாம். சந்தோஷமாக இருந்தோம், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு வாரத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. போர்மேன் எல்லாப் பெண்களையும் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறார். ஊர்க் குழு வந்து பார்க்கும், மிச்ச ஆள் இருப்பதை எழுதும், எழுதியது கலெக்டர் ஆபீசுக்குப் போகும், லைசென்சைப் பிடித்து வைப்பார்கள், சீசன் போய்விடும், எல்லோரும் வீட்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சாத்தூர்ப் பக்கம் ஒரு ஆபீசை அப்படி மூடிப்போட்டு, அங்கே வேலை பார்த்தவர்கள் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வழியில்லாமல் நின்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கூட்டத்தில் அவளோடு சேர்ந்து கை தூக்கிய பெண்களே இப்போது வேனில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

அவள் என்னிடம் வந்தாள். அன்றைக்குக் கேலி கிண்டல் ஒன்றும் இல்லை. "அக்கா, வந்து பாருங்க. ஆனா எழுதிப் போட்டுறாதீக. அந்த மனுசன்ட்ட பேசி முடிங்க. சும்மா கெடக்க ரூம நாலு தொறந்துவிட்டாலே நாங்க அம்புட்டுப் பேரும் உக்காந்துருவோம்" என்றாள். அது நியாயமாகவும் பட்டது. பின்பக்கம் சில ரூம்கள் சாமான் போட்டுப் பூட்டிக் கிடப்பது என் காட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். எழுத மாட்டோம், பேசித்தான் முடிப்போம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். போய் மற்றவர்களிடமும் அதைச் சொல்லு என்றேன். சொல்லிப் பார்த்தாளாம், யாரும் நம்பவில்லையாம்.

கத்திரி முடிந்தும் வெயில் இறங்காத ஒரு நாளில் போனோம். முன்கூட்டிச் சொல்லாமல் போவது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். நானும் மகளிர் குழுத் தலைவியும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம், கண்டக்டர் அவருடைய மொபெட்டில் பின்னால் வந்தார். வழியில் பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்க நின்றவர், போர்மேனுக்கு ஒரு போன் போட்டிருக்கிறார். போர்மேன் அவருக்கு மாப்பிள்ளை முறை. நாங்க மூணு பேரும் வந்துக்கிட்டு இருக்கோம் மாப்ளே, பத்து நிமிசத்துல அங்கன இருப்போம், அவ்வளவுதான் சொன்னாராம். இது எங்களுக்கு அப்போது தெரியாது.

கேட் திறந்தே இருந்தது. மேனேஜர் வாசலில் நின்று வாங்க வாங்க என்றார். ரூம் ரூமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு ரூமிலும் நாலே பேர். கதவெல்லாம் திறந்திருந்தது, வாசலில் வாளியில் தண்ணீரும் மணலும் இருந்தன. பெண்கள் தலை நிமிராமல் வேலை பார்த்தார்கள். வேப்ப மரத்தடி பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது, ஆணியில் ஒரு பைகூட இல்லை. பையெல்லாம் எங்கே என்று கேட்டேன். இப்போதெல்லாம் வேனிலேயே வைத்துவிடச் சொல்லிவிட்டோம், அதுதான் பாதுகாப்பு என்றார் போர்மேன். வாயாடியை எந்த ரூமிலும் காணவில்லை. மேலுக்கு முடியலன்னு லீவு சொல்லிருச்சு என்றார். இளைப்புக்காரிதானே, இருக்கும் என்று நினைத்தேன்.

மிச்ச ஆள் எங்கே என்று நேராகவே கேட்டேன். ஆர்டர் குறைவு, மற்றவர்களை இன்றைக்கு வரச் சொல்லவில்லை என்றார். நான் வேலிக்கு அந்தப் பக்கம் என் காட்டைப் பார்த்தேன். மக்காச்சோளம் மாசியிலேயே அறுத்தாகிவிட்டது. கரிசல் வெடித்துக் கிடந்தது, அந்தக் கடைசி வரை ஒரு காக்கா குருவி இல்லை. ஒளிய இடம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். அங்கே ஆள் இல்லை என்றதும் போர்மேன் சொல்வது நிஜம்தான் என்று ஆகிவிட்டது.

மேனேஜர் ரூமுக்கு எதிரே ஒரு தகர செட்டு. மேலே தகரம், சுற்றிலும் தகரம், கதவில் வெளிப்பக்கம் பூட்டு. இது என்ன என்று குழுத் தலைவி கேட்டார். காலி அட்டைப்பெட்டி வைக்கிற இடம் என்றார்கள். அதுவும் உண்மைதான். மேனேஜர் ரூமில் பேன் ஓடிக்கொண்டிருந்தது. பன்னீர் சோடா வந்தது, மிக்சர் வந்தது. குழுத் தலைவி பெண்களுக்குக் கக்கூஸ் இன்னும் இரண்டு கட்ட வேண்டும் என்றார், அதற்கு உடனே சரி என்றுவிட்டார். பிறகு நான் ஆரம்பித்தேன்.

பின்பக்கத்து ரூம்களைத் திறந்துவிடுங்கள் என்றேன். அதில் ரிப்பேர் இருக்கிறது என்றார். எப்போது முடியும் என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம், ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றேன். இளைப்பு இருக்கிறவர்களுக்குக் கதவோர இடம் கொடுக்க வேண்டும், மரத்தடி வேலை கூடாது, மிச்ச ஆள் என்று யாரையும் வைக்கக் கூடாது, வேலை பார்க்கிற எல்லோருக்கும் பேர் ஏற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்திருக்கப் பார்ப்பார், நான் விட மாட்டேன். கண்டக்டர் வாட்சைப் பார்த்தார், போர்மேன் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். எனக்கு அது இன்னும் ரோஷத்தைக் கிளப்பியது. நான் என்ன விளையாடவா வந்திருக்கிறேன் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருக்கும். கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். ஆடி பிறப்பதற்குள் ரூம்களைத் திறந்துவிடுகிறேன், நீங்கள் சொல்லுகிற ஆட்களை அதில் உட்கார வைக்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆட்டோவில் வரும்போது, நேரே கீழத்தெருவுக்குப் போய் அவளிடம் சொல்ல வேண்டும் என்று குழுத் தலைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

போனேன். வீட்டில் அவள் மாமியார்தான் இருந்தார். அவ வேலைக்குப் போயிருக்காளே தாயி, காலையில வேன்லதான போனா என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் நின்று அதை இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் சைக்கிளில் வந்து, சிவகாசி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே வரச் சொன்னாங்க என்றான். கம்பெனி வேனில் கொண்டு போகும்போது வழியிலேயே அவள் உயிர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

செட்டுக்குள் அவளோடு இருந்தவர்களில் ஒருத்தி, அவளை எடுத்து அடக்கம் பண்ணிய மறுநாள் குழாயடியில் வைத்து என்னிடம் சொன்னாள். கண்டக்டரிடமிருந்து போன் வந்ததும் போர்மேன் ஓடிவந்து, ஊர்க் குழு வருது, காட்டுக்குப் போக முடியாது, காட்டுக்காரியும் கூட வருது என்று சொல்லி மிச்ச ஆள் அத்தனை பேரையும் தகர செட்டுக்குள் விட்டுப் பூட்டியிருக்கிறார். மரத்தில் பை தொங்கினால் ஆள் கணக்குத் தெரிந்துவிடும் என்று பையையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வேனுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நிற்கக்கூட இடம் இல்லை. தகரம் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் வாயாடிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. பெட்டி மூடியைக் கிழித்து விசிறியிருக்கிறார்கள்.

"கதவத் தட்டப் போனேங்க்கா. அவதான் என் கையப் புடிச்சுக்கிட்டா. உங்க சத்தம் எங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு. அக்கா நமக்காவத்தான் பேசிக்கிட்டிருக்கு, பேசி முடிக்கட்டும், கெடுத்துறாதன்னு சொன்னா. அப்பறம் பேச்சு வரல, கைய மட்டும் விடல."

நான் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பல நாள் என் குரலை எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. மாட்டை அதட்டக்கூட வாய் வரவில்லை.

வெடி வெடித்திருந்தால் பேப்பரில் வந்திருக்கும். கலெக்டர் வந்திருப்பார், நிவாரணம் அறிவித்திருப்பார்கள், விசாரணை என்று ஒன்றாவது நடந்திருக்கும். இங்கே ஒன்றும் வெடிக்கவில்லை. இளைப்பு நோய்க்காரி இளைப்பில் செத்தாள், அவ்வளவுதான் கதை. சின்ன வயசிலிருந்தே அவளுக்கு நோய் உண்டு, எங்களுக்கு யார் மேலும் புகார் இல்லை என்று ஆஸ்பத்திரியிலேயே புருஷன் எழுதிக் கொடுத்துவிட்டான். காரியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. மேனேஜர் மாலையோடு வந்து நின்றார், அழக்கூடச் செய்தார். ரூம்களைத் திறக்கிறேன் என்று அவர் சொன்ன வாக்கைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

கண்டக்டர் வீட்டுக்குப் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். போனதையும் வந்ததையும் சேர்த்துத் திட்டினேன். அவர் ஈசி சேரில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. "சொல்லாமக் கொள்ளாம ஒரு எடத்துக்குப் போறது நம்ம வழக்கமா தாயி? பொண்ணு குடுத்த வீட்டுக்கே சொல்லிட்டுத்தான போறோம். மரியாதைக்கு ஒரு வார்த்த சொன்னேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போவதில்லை, நானே போனதில்லை. அவர் அதற்குப் பிறகு டீக்கடைப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அடுத்த கிராம சபை ஆகஸ்டு பதினைந்து. குழு போய்ப் பார்த்ததைச் சபையில் சொல்ல வேண்டும் என்பதுதான் தீர்மானம். அவள் செட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்டுச் செத்தாள் என்று அங்கே சொல்லி, ஊர் அதை ஏற்றுக்கொண்டு எழுத வேண்டும். பூட்டியதை நான் பார்க்கவில்லை. உள்ளே இருந்தவர்களில் ஒருத்தியாவது எழுந்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் காபி போட்டுக் கொடுத்தார்கள், பேச்சை மட்டும் பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்பினார்கள். இன்னொரு வீட்டில் உள்ளே ஆள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். குழாயடியில் என்னிடம் சொன்னவள், அக்கா நான் அங்க இல்லவே இல்ல, யாரோ சொல்லக் கேட்டதத்தான் உங்கட்டச் சொன்னேன் என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கேலி பண்ணவில்லை. நமக்கு நிலம் இருக்கு, நீ பேசிட்டு வந்து சாப்பிடலாம், அவங்களால முடியுமா என்று மட்டும் கேட்டார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

ஆகஸ்டு பதினைந்து காலையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் சபை கூடியது. மே மாதத்தைவிடக் கூட்டம் அதிகம். செட்டுக்குள் இருந்த பெண்கள் ஒரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீழத்தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். அவள் புருஷன் கூட்டத்துக்கு வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மொட்டை போட்ட தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. சாமியானாக் கம்பைப் பிடித்தபடி நின்றான். மேனேஜர் வரவில்லை, தண்ணீர் பாட்டில் மட்டும் வந்திருந்தது.

வரவு செலவு முடிந்ததும் நான் எழுந்தேன். போனோம், பார்த்தோம், ரூமுக்கு நாலு பேர் இருந்தார்கள் என்று ஆரம்பித்தேன். நாங்கள் மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தபோது எதிரே இருந்த தகர செட்டுக்குள் இந்த ஊர்ப் பெண்களைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்றேன். அதில்தான் அவள் செத்தாள் என்றேன். உள்ளே இருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், ஒருத்தர் சொல்லுங்கள் என்றேன். வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. பார்க்காத ஒன்றை எப்படிங்கம்மா எழுதுவது என்று அலுவலர் மெல்லக் கேட்டார்.

அப்போது அவள் புருஷன் கம்பை விட்டுவிட்டு முன்னால் வந்தான். ஒரு தீர்மானம் சொல்லணும் என்றான். அலுவலர் தலையசைத்தார். மே மாசம் போட்ட அந்தக் குழுவைக் கலைச்சுரணும் என்றான்.

ஏலே, என்னலே பேசுத, உன் பொண்டாட்டி கேட்டு வாங்கின குழு இது என்று அவனைப் பார்த்துக் கத்திவிட்டேன். கீழத்தெருக்காரர்களில் யாரோ என்னை அதட்டினார்கள். அவன் அவர்களைக் கையால் அமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினான். குரல் உயரவே இல்லை.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. அவ செட்டுக்குள்ளதான் செத்தா. எனக்குத் தெரியும், இங்கன உக்காந்திருக்க அம்புட்டுப் பேருக்கும் தெரியும். வர்ற திங்கக்கெழம இருந்து எங்கம்மா அந்த வேலைக்குப் போவுது. பேரு ஏத்தல, மிச்ச ஆளுதான். முட்டி வலியோட அதால ஓட முடியாது. நீங்க மூணு பேரும் திரும்ப வந்தீகன்னா, எங்கம்மாவ எங்கன வச்சுப் பூட்டுவாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

பூட்ட விட மாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். போன தடவையும் அப்படித்தான் நினைத்துப் போனேன்.

அலுவலர் தீர்மானத்தை வாசித்து, ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். செட்டுக்குள் இருந்த பெண்கள்தான் முதலில் தூக்கினார்கள், அழுதவளும் தூக்கினாள். பிறகு கீழத்தெரு முழுக்கத் தூக்கியது. குழுத் தலைவி என்னைப் பார்க்காமல் தூக்கினார், கண்டக்டர் பின்னால் எங்கேயோ இருந்து தூக்கினார். அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் கையைத் தூக்கினேன்.